தாய்வீடு துறந்து தமிழ் கற்றோர்

கண்டி வீதியிலே சாவகச்சேரியைக் கடந்து செல்வோர் சிறிது நேரத்திற் கொடிகாமச் சந்தியை அடைவர். தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் குவிகின்ற சந்தையினாற் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து வடக்கே பிரிந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி வரணியை ஊடறுத்துப் போகின்றது. சாவகச்சேரி ஒரு புறம், வரணி மறு புறம். இரண்டிற்கும் நடுவே கொடிகாமம். இவ்விரு ஊர்களிலும் ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்கர் சிலர் தம் மனைவியருடன் வந்து குடியிருந்தனர் என்பதைச் சந்தைக்கு வந்து போவோரில் இன்று நினைப்பவர் சிலரே.

அவர்கள் வாணிகம் செய்ய வந்தவர்களல்லர். ஆட்சி செய்ய வந்தவர்களுமல்லர். தாம் நம்பிய வேதத்தை எடுத்துச் சொல்ல வந்தவர்கள். அந்த வேதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. இங்கே நாம் ஆராய விரும்புவது வேறொன்று. பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டு, மொழி தெரியாத நாட்டிலே வந்திறங்கிய ஓர் இளைஞரின் நாள் எவ்வாறு கழிந்தது? கதவுகள் அடைபட்டபோதும், கடிதம் வராதபோதும் அவரைத் தாங்கி நின்றது எது? இவற்றை அறிய வேண்டுமாயின், நம் காலத்திலும் இவ்வாறே வீடு விட்டுச் செல்கின்ற இளைஞர் கூட்டம் ஒன்றை முதலிற் பார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாண்டு விரதம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே, சோல்ற் லேக் நகரைத் தலைமை இடமாகக் கொண்டது ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. உலகம் அச்சபையாரை ‘மோர்மன்கள்’ என்று அழைத்து வந்தது. 1830 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இச்சபையைத் தொடங்கினார். ஏனைய கிறிஸ்தவ சபைகளுக்கும் இதற்கும் கோட்பாட்டிலே பெரும் வேறுபாடுகள் உண்டு.

இச்சபையின் இளைஞர் 18 வயது தொடக்கம் ஊழியத்துக்குப் புறப்படலாம். ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள். பெண்களுக்குப் பதினெட்டு மாதங்கள். எந்த நாட்டுக்குச் செல்வது என்பதைச் சபையே தீர்மானிக்கும். சம்பளம் கிடையாது. செலவைப் பெரும்பாலும் அவர்களும் அவர்தம் குடும்பத்தாருமே தாங்குவர். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாறு உலகெங்கும் ஊழியம் செய்தோர் 70,000 பேருக்கும் மேற்பட்டவர்கள்.

அவர்களுடைய நாள் மணிக்கூட்டின் முள்ளோடு ஓடுவது. காலை ஆறரை மணியளவில் எழுதல், உடற்பயிற்சி, செபம், வேத வாசிப்பு, வந்திருக்கும் நாட்டின் மொழியைப் படித்தல், பின்னர் வீதியில் இறங்குதல். இரவு பத்தரைக்குள் உறக்கம். தனியே செல்லும் வழக்கமில்லை. எங்கும் இருவராகவே செல்வர். உடுப்புத் தோய்க்கவும், கடைக்குப் போகவும், வீட்டுக்கு எழுதவும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. காதலுக்கும் களியாட்டத்துக்கும் அக்காலத்தில் இடமில்லை. மாதத்தில் ஒரு நாள் இரு வேளை உணவை ஒறுத்து, மிஞ்சிய பணத்தை ஏழைகளுக்கு அளிப்பது அச்சபையின் வழக்கம். விரதம் என்பதன் பொருளை நம்மவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே தலையசைப்பர்.

ஆனால், நம்மவர் திகைத்து நிற்கக்கூடிய இடமும் ஒன்றுண்டு. மதுவும் புகையிலையும் மட்டுமன்றித் தேயிலையும் கோப்பியும் அவர்களுக்கு விலக்கு. யாழ்ப்பாணத்து வீடொன்றின் வாயிலில் அப்படி ஓர் இளைஞர் நின்றால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். “வெய்யிலுக்கை வந்திருக்கிறியள், இருங்கோ தம்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று சொல்லுவது வீட்டுத் தாயின் இயல்பு. “வேண்டாம் அம்மா” என்று சொல்லுவது வந்தவரின் நியமம். அன்பை மறுக்காமல் தேநீரை மட்டும் மறுப்பது எவ்வாறு? பெரிய தத்துவ விவாதங்களிலும் பார்க்க இத்தகைய சிறு சங்கடங்களிலேயே அயலூர் சென்ற இளைஞரின் பத்தி நாள்தோறும் சோதிக்கப்படுகின்றது.

பிரிவும் ஒரு சோதனையே. இவ்வூழியர் வீட்டாருடன் தொலைபேசியிற் பேசுவதற்கு ஆண்டில் இரு நாட்களே அனுமதி இருந்த காலம் ஒன்றுண்டு. 2019 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலிருந்து வாரம் ஒரு முறை பேசலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்டு எத்தனை தாய்மார் மகிழ்ந்திருப்பர்!

சென்னைக்கு வந்த மூவர்

இச்சபையார் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்ததும் பழைய கதையே. 1853 ஆம் ஆண்டில் றிச்சட் பலன்ரைன் என்பவர் இரு தோழருடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். மனைவி மக்களை யூட்டாவில் விட்டு, கையிற் பொருளில்லாமல், கடவுளையும் கேட்போரின் கொடையையும் நம்பி வந்தவர் அவர். சென்னையிலே பத்திரிகை ஒன்றையும் அச்சிட்டு வெளியிட்டார். எதிர்ப்பு மிகுந்தது; சேர்ந்தவர் மிகச் சிலர். அவருடைய பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவர்களிடையே நின்றுவிட்டது. ஏறத்தாழ ஓராண்டின் பின்னர், 1854 இல், அவர் கப்பலேறினார்.

பக்தியிலோ துணிவிலோ அம்மூவர் குறைந்தவரல்லர். எனினும், தமிழ் மக்களின் வீட்டுத் திண்ணை வரை அவர்கள் வந்து சேரவில்லை. அந்தத் திண்ணைக்கு ஏறி வந்தவர்கள் எவர் என்று பார்த்தால், அவர்களுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் முன்னதாகவே யாழ்ப்பாணம் வந்த வேறொரு சபையினர் நம் கண்முன் நிற்கின்றனர்.

பத்தொன்பது வயதில் ஒரு மரணம்

பொஸ்ரன் நகரை நிலையமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம் 1810 இல் உண்டாயிற்று. அது முதன்முதல் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியவர்களுள் சாமுவேல் நியூவெல் ஒருவர். அவர் மனைவி ஹரியற் நியூவெல் 1812 ஆம் ஆண்டு நவம்பரில் மொறீசியசுத் தீவிற் காலமானபோது அவருக்கு வயது 19. அவர்களுடைய பச்சிளங் குழந்தை அதற்கு முன்னரே கடற் பயணத்தில் இறந்துவிட்டது. இன்றைய மோர்மன் இளைஞர் தம் வீட்டை விட்டுப் புறப்படும் அதே பருவத்தில் அந்தப் பெண்ணின் வாழ்வு முடிந்தது. தனியராய் இலங்கைக்கு வந்த நியூவெல், யாழ்ப்பாணம் பணிக்கு ஏற்ற இடம் என்று தம் சங்கத்தாருக்கு எழுதினார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் தொடக்கம் அந்தத் துயரத்தின் நிழலிலேயே அமைந்தது.

1815 ஆம் ஆண்டு அக்டோபர் 23 ஆந் திகதி நியூபரிபோட் துறைமுகத்திலிருந்து ‘டிறையட்’ என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. ஐந்து மாதப் பயணத்தின் பின், 1816 மார்ச் 22 இல் கொழும்பை அடைந்தது. அதில் வந்தவர்களுள் டானியேல் பூவர், ஜேம்ஸ் றிச்சட்ஸ், பெஞ்சமின் மெக்ஸ், எட்வட் வாறன் என்போர் யாழ்ப்பாணம் வந்தனர். கப்பலேறிய வேளையில் பூவருக்கு வயது 26. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் கூரையிழந்து சுவர்களாய் நின்றன. அச்சுவர்களுக்கு நடுவே இவர்களுடைய வாழ்க்கை தொடங்கிற்று.

இரண்டு ஆண்டுகளில், 1818 இல், உடல் நலிந்து கப்பலேறிய வாறன் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். 1821 இல் பூவரின் மனைவியும், 1822 இல் றிச்சட்சும் மறைந்தனர். உதவிக்குப் புதியவர் வருவதற்கும் வழி அடைபட்டது. 1820 இல் வந்திறங்கிய அச்சுத்தொழிலாளர் ஜேம்ஸ் கரெட் நாட்டை விட்டுப் போகுமாறு பிரித்தானிய அரசினராற் பணிக்கப்பட்டார். 1833 வரை அத்தடை நீடித்தது. இருந்த சிலரே எல்லாச் சுமையையும் சுமக்க வேண்டியதாயிற்று.

ஆசிரியர் மாணாக்கரான கதை

இவர்களுக்கு இரண்டாண்டு என்ற எல்லை இல்லை. வந்தவர் பலரும் வாழ்நாள் முழுவதற்கும் என்றே வந்தனர். ஆகவே முதல் வேலை மொழி. ஊர்ப் புலவர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, அகரத்திலிருந்து தொடங்கினர். உலகுக்குப் போதிக்க வந்தவர்கள், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய அதே எழுத்தைத் தாமும் எழுதிப் பழகினார்கள். லகரமும் ழகரமும் ளகரமும் அவர்களுடைய நாவை எத்துணை அலைக்கழித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

பின்னர் ஊருக்குள் நடை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடல், நோயாளருக்கு மருந்து கொடுத்தல், மரநிழலிலும் திண்ணையிலும் கூடியோரிடம் பேசுதல், மாலையிற் செபக் கூட்டம். கேட்டவர்களும் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சைவ சித்தாந்தமும் புராணமும் அறிந்த பெரியோர் எதிர்வினா எழுப்பினர். அதற்கு விடை சொல்ல வேண்டுமாயின் நம் நூல்களை அவர்களும் படிக்கவேண்டி வந்தது.

ஆரம்ப காலத்தில் மிஷன் விடுதியிற் சேர்ந்த சைவப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள்ளே சமைத்த உணவைத் தொட மறுத்தனர். வளவுக்கு வெளியே சமையலுக்கு இடம் செய்ய வேண்டியிருந்தது. விருந்தாளி தம் நியமத்தைக் காப்பது போல, வீட்டாரும் தம் நியமத்தைக் காத்தனர். இரு தரப்பாரும் ஒருவர் மனத்தை ஒருவர் மாற்ற முயன்றவாறே ஒருவரோடொருவர் வாழப் பழகினர்.

நான்கு சகோதரிகள்

1819 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட இரண்டாம் கூட்டத்தில் மைறன் வின்சிலோவும் அவர் மனைவி ஹரியற் வின்சிலோவும் இருந்தனர். கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் நகரிலே லத்திறொப் குடும்பத்திற் பிறந்த ஹரியற் அம்மையாருக்கு யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயது 23. பெண் பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலத்திலே, 1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியை அவர் தொடங்கினார்.

அவருடைய மூத்த மகன் சார்ள்ஸ் யாழ்ப்பாணத்திற் பிறந்தவன். கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவன், 1832 மே மாதத்தில், 11 வயதில், நியூயோர்க்கில் இறந்தான். அந்நாளில் ஒரு கடிதம் கடல் கடந்து வர ஐந்து, ஆறு மாதங்கள் செல்லும். பிள்ளை மறைந்த பின்னரும் பல மாதங்கள் அவன் நலத்துக்காகவே உடுவில் வீட்டிற் செபம் நடந்திருக்கும். வாரந்தோறும் பிள்ளையின் குரலைக் கேட்கும் இக்காலத்துத் தாய்மார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1833 ஜனவரியில் ஹரியற் அம்மையாரும் காலமானார், வயது 36.

இத்துடன் அக்குடும்பத்தின் தொடர்பு அறுந்துவிடவில்லை. அவருடைய தங்கையர் மூவர் அடுத்தடுத்து மிஷனரிமாரின் மனைவியராக யாழ்ப்பாணம் வந்தனர். அவருள் எலிசபெத் என்பவர் தடை நீங்கிய 1833 ஆம் ஆண்டில் தம் கணவர் சாமுவேல் ஹட்சிங்சுடன் வந்தார். அத்தம்பதியர் பணியாற்றிய இடம் கொடிகாமத்துக்கு அயலான சாவகச்சேரியே. சார்லட் என்ற தங்கை 1837 இல் இறந்தார். மற்றொரு தங்கையும் அவர் கணவர் பெறியும் 1838 இல் வாந்திபேதியால் சில நாள் இடைவெளியில் மாண்டனர். ஒரு தாய் பெற்ற நான்கு பெண்கள் ஒரே மண்ணுக்கு வந்தனர். மூவர் இம்மண்ணிலேயே அடங்கினர்.

1833 இல் வந்த மற்றொருவர் ஜோர்ஜ் அப்தோப். அவர் வரணியிலே ஊழியம் செய்து, 1844 இல் மறைந்தார். கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறை வீதியாற் செல்வோர் கடந்து போவது அவர் நடந்து திரிந்த ஊரையே.

இழந்தவர் இங்கும் உளர்

இவர்களுடைய தியாகத்தை மட்டும் சொல்லி, நம் வீடுகளில் நேர்ந்ததைச் சொல்லாது விடுதல் நீதியன்று. அவர்கள் பிள்ளைகளைப் பிரிந்தனர். நம் தாய்மார் சிலரும் தம் பிள்ளைகளைப் பிரிந்தனர். ஞானஸ்நானம் பெற்ற மகன் பந்தியில் உடனிருந்து உண்ண முடியாதவனானான். முன்னோருக்குச் செய்ய வேண்டிய கடன் நின்றுபோயிற்று. மிஷன் பள்ளியில் கல்வி பெற்ற பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. தாத்தன் பெயரைப் பேரன் தாங்கும் வழக்கமுள்ள நாட்டிலே அது சிறிய காரியமன்று.

இதற்கு விடையாக எழுந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். மிஷனரிமாரின் வேலை முறைகளை அருகிருந்து கண்டவர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் என்னும் அவர்களுடைய மூன்று கருவிகளையும் கொண்டே சைவத்தை நிலைநிறுத்தினார்.

1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் கதையும் கருதத்தக்கது. அங்கே கற்றவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இருவரும் பின்னர் சைவத்துக்கே திரும்பினர். தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிப் புகழ் பெற்றார். மாணவர் வேதத்தை நாடாமல் உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்ற குறையினால், 1855 இல் செமினரி மூடப்பட்டது. மதம் மாற்றும் கணக்கிலே பார்த்தால் நட்டமே. தமிழ்க் கணக்கிலே பார்த்தால் அதைப் போன்ற இலாபம் வேறில்லை!

நிலைத்து நின்றது

இந்த ஊழியர்களின் உழைப்பில் இன்று எஞ்சி நிற்பது யாது? 1847 இல், 25 வயதளவில் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியரைப் பாருங்கள். மானிப்பாயிலே மருத்துவப் பணி செய்த அவர், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1857 இற் பிரசவ வைத்திய நூலும், 1867 இல் இரணவைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும், 1875 இற் கெமிஸ்தமும் அவர் முயற்சியால் தமிழில் வெளியாயின. தம் மாணாக்கர் உடையாலும் வாழ்க்கை முறையாலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்கவேண்டுமென அவர் விரும்பினார். 1884 இல் அமெரிக்காவில் இறந்த அவருக்கு அவ்வாறே பொறிக்கப்பட்டது.

மனைவியையும் மகனையும் இழந்த மைறன் வின்சிலோ 67,000 சொற்களுக்கு மேற்பட்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862 இல் வெளியிட்டார். பலருடைய பல்லாண்டு உழைப்பு அதில் அடங்கியுள்ளது. ஈராண்டின் பின், தாயகம் திரும்பும் வழியிலே நன்னம்பிக்கை முனையில் அவர் காலமானார். மணம் புரியாதவரான எலிசா அக்னியூ அம்மையார் 1840 இல் வந்து, நாற்பது ஆண்டளவு உடுவிலிற் கற்பித்து, ஒரு முறையேனும் ஊர் திரும்பாது 1883 இல் மானிப்பாயிற் கண் மூடினார்.

சென்னையில் ஓராண்டு நின்ற பலன்ரைனுக்கும் இவர்களுக்கும் பத்தியில் ஏற்றத்தாழ்வு கூற நாம் ஒருப்படோம். வேறுபாடு மொழியிலும் காலத்திலுமே உள்ளது. ஒரு நாட்டு மக்களின் சொல்லைக் கற்று, அவர்களுடைய மறுப்பையும் பொறுமையோடு கேட்டு, அங்கேயே தங்கியவரின் உழைப்பு, அவர் கருதிய பலனைத் தராவிடினும் வேறொரு பலனைத் தந்தே தீர்கின்றது. அவர்கள் விதைத்தது ஒன்று. நம்மவர் அறுவடை செய்துகொண்டது மற்றொன்று.

இன்று காலம் மாறியுள்ளது. 1983 இன் பின்னர் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து கடல் கடந்த இளைஞர் எண்ணிறந்தோர். தென்மராட்சியும் அதற்கு விலக்கன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும், மொழி தெரியாத முதல் நாட்களிலே, பனி கொட்டும் வீதியில் அவர்களும் ஒரு வீட்டு வாயிலில் நின்றவர்களே. அவர்களைத் தாங்கியதும் இதே மூன்று: விடாத நாளொழுங்கு, வீட்டாரின் குரல், அந்நியர் ஒருவரின் அன்பு. ஆகையால், நாளை ஒரு நாள் வேற்று நாட்டு இளைஞர் இருவர் எந்த வேதத்தைக் கையிற் கொண்டேனும் நம் படலையில் வந்து நிற்பாராயின், அவர் கொள்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. வாதிடலாம், வேண்டாம் என்று மரியாதையோடு சொல்லியும் அனுப்பலாம். ஆனால், வெயிலில் வந்தவரை நிழலில் இருத்தி, தேநீர் குடியாதவராயின் ஓர் இளநீரேனும் கொடுத்து அனுப்புவது நம் குலமரபு. எங்கோ ஒரு நாட்டில் நம் பிள்ளைக்கு எவரோ ஒரு தாய் அதனைச் செய்திருக்கிறார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.